காரின் சிடி பிளேயர் ஒரு நாள் பாடுகிறது, மறுநாள் தட்டைத் துப்புகிறது: சரிசெய்வதா, மாற்றுவதா?

பின்னால் வந்து படிப்பவர்களுக்கும் புரியட்டும் என்று கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கார் வாங்கும்போதே டேஷ்போர்டில் இருந்த சிடி பிளேயர், பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒரு நாள் ஒழுங்காகப் பாடுகிறது. மறுநாள் அதே சிடியைப் போட்டால் கொஞ்ச நேரம் உள்ளே கிர்கிர் என்று சுற்றிவிட்டு, 'எர்ரர்' என்று காட்டி வெளியே தள்ளிவிடுகிறது. ரேடியோ மட்டும் நன்றாகக் கேட்கிறது. ஒருவர் லென்ஸைத் துடைத்தால் போதும் என்கிறார், இன்னொருவர் செட்டையே மாற்றச் சொல்கிறார். வீட்டில் அப்பா சேர்த்துவைத்த சிடிகள் 200 இருக்கின்றன. லென்ஸ் துடைப்பதா வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அந்தப் பெட்டிக்குச் செலவழித்தால் அது வீண்செலவா, அப்பாவின் பாட்டுகள் இனி காரில் ஒலிக்குமா, இந்த இரண்டும்தான் உங்கள் கவலை என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். கார் ஆடியோ பெஞ்சில் பதினெட்டு வருடம் உட்கார்ந்தவன் நான். சிடி பிளேயர் மட்டுமே நாளுக்கு நாலைந்து வந்த காலமும் உண்டு, மாதத்துக்கு ஒன்று வருகிற இந்தக் காலமும் உண்டு.

ரேடியோ கேட்கிறது என்று சொன்னீர்களே, பாதி வேலை அதிலேயே முடிந்தது. செட்டுக்குக் கரண்ட் வருகிறது, உள்ளே ஆம்ப்ளிஃபையர் உயிரோடு இருக்கிறது, ஸ்பீக்கர் ஒயர்களில் குறையில்லை. ஃபியூஸ், பேட்டரி என்று யாராவது ஆரம்பித்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வாருங்கள். ரேடியோவும் சேர்ந்து ஊமையாகியிருந்தால்தான் அந்தப் பக்கம் பார்க்கவேண்டும். அப்போதும் முதலில் காரின் ஃபியூஸ் பெட்டி, அடுத்தது செட்டின் முதுகில் செருகியிருக்கும் சின்ன பிளேடு ஃபியூஸ். இரண்டாவது ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. உங்கள் விஷயத்தில் குறை சிடி பொறிக்குள் இருக்கிறது, இல்லாவிட்டால் சிடியில் இருக்கிறது.

சிடியில் இருக்கலாம் என்று நான் சொன்னால் பலருக்குக் கோபம் வரும். வீட்டுப் பிளேயரில் இதே சிடி பாடுகிறதே என்பார்கள். பாடும்தான். வீட்டுப் பிளேயர் ஆடாமல் அசையாமல் மேஜையில் இருக்கிறது, காருக்குள் இருப்பது குலுங்கிக்கொண்டே படிக்கவேண்டும். அதனால் முதல் சோதனைக்குச் செலவே இல்லை. கடையில் வாங்கிய, கீறலே இல்லாத ஒரிஜினல் சிடி இரண்டு, வீட்டில் கம்ப்யூட்டரில் எழுதிய சிடி இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். காரை நிறுத்திவைத்து நாலையும் மாற்றி மாற்றிப் போடுங்கள். காலையில் குளிர்ச்சியாக இருக்கும்போது ஒரு முறை, வெயிலில் நின்று உள்ளே கொதிக்கும்போது ஒரு முறை. எது, எப்போது, எத்தனையாவது பாட்டில் திக்குகிறது என்று ஒரு தாளில் குறித்துவையுங்கள். என் பெஞ்சுக்கு வந்தவர்களில் அந்தத் தாளோடு வந்தவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். அவர்களுக்கெல்லாம் பாதிக் கூலிதான் வாங்கினேன்.

இந்தச் சோதனை ஏன் இவ்வளவு சொல்கிறது என்று புரிய, உள்ளே நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளவேண்டும். 120 மில்லிமீட்டர் அகலமும் 1.2 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள பாலிகார்பனேட் தட்டு அது. அதில் சுருள்பாதையாகக் குழிகள். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரான், ஒரு தலைமுடியின் குறுக்களவுக்குள் நாற்பது சுற்று அடங்கிவிடும். 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு லேசர் கீழிருந்து அடித்து, திரும்பி வரும் ஒளியைப் பார்த்துப் படிக்கிறது. கிராமபோன் தட்டுக்கு நேர்மாறாக, சிடி உள்ளிருந்து வெளியே ஓடும். முதலில் நடுத்துளையை ஒட்டிய பகுதியில் இருக்கும் பொருளடக்கத்தை, அதாவது எத்தனை பாட்டு, எது எங்கே ஆரம்பம் என்ற பட்டியலைப் படிக்கும். அது பிடிபடாவிட்டால் பாட்டுக்கே போகாது. உங்கள் செட் கிர்கிர் என்று நாலு சுற்றுச் சுற்றிவிட்டுத் தட்டைத் துப்புகிறதே, அது பெரும்பாலும் பொருளடக்கத்தைப் படிக்க முடியாமல் கைவிடுவதுதான்.

என்னிடம் வேலைக்கு வரும் பையன்களுக்கு இந்தப் பொறியைக் கண், கால், வாய் என்று பிரித்துச் சொல்லிக்கொடுப்பேன். கண் என்றால் லேசரும் லென்ஸும் சேர்ந்த பிக்கப். கால் என்றால் தட்டைச் சுழற்றும் மோட்டாரும், பிக்கப்பை உள்ளிருந்து வெளியே நகர்த்தும் சின்ன மோட்டாரும், பல்சக்கரங்களும், தண்டும். வாய் என்றால் தட்டை இழுத்துப் போடும் ரப்பர் உருளைகள். ஒரிஜினல் சிடி பாடுகிறது, எழுதிய சிடி பாடவில்லை என்றால் கண் மங்குகிறது. எழுதிய சிடி திருப்பி அனுப்பும் ஒளி, அச்சடித்த சிடியைவிடச் சற்றுக் குறைவு. திரும்பத் திரும்ப எழுதும் சிடி-ஆர்டபிள்யூ கால் பங்கு ஒளியைக்கூடத் திருப்பாது, பழைய செட்டுகளில் பல அதைத் தொடவே தொடாது. எல்லா சிடியும் முதல் ஏழெட்டுப் பாட்டு நன்றாகப் பாடிவிட்டு அதற்குமேல் திக்கினால் கால் தடுக்குகிறது. பிக்கப் நகரும் தண்டில் தடவிய கிரீஸ் பத்து வருட வெயிலில் காய்ந்து மெழுகாகியிருக்கும். குளிரில் பாடி, கொதிப்பில் திக்கினால் லேசர் முதுமையடைகிறது என்பதே என் முதல் சந்தேகம், ஏனென்றால் சூடு ஏற ஏற அதே ஒளியைத் தர லேசர் டையோடுக்குக் கூடுதல் கரண்ட் வேண்டும். எப்போது பாடும் எப்போது பாடாது என்று கணக்கே இல்லாவிட்டால், பிக்கப்போடு சேர்ந்து மடங்கி மடங்கி நகரும் ரிப்பன் கேபிளில் விரிசல் விட்டிருக்கலாம். இதில் எழுதிய சிடிக் கணக்கு அனேகமாகத் தப்பாது. சூட்டுக் கணக்கும் கேபிள் கணக்கும் அப்படியல்ல, சோல்டர் விட்டுப்போனாலும் அதே குணத்தைக் காட்டும். திறந்து பார்க்காமல் யாரும் அதை அடித்துச் சொல்ல முடியாது, நானும்தான்.

கீறலைப் பற்றியும் ஒன்று. சிடியில் பிழை திருத்தும் ஏற்பாடு கெட்டிக்காரத்தனமானது, பாதையின் நீளத்தில் சுமார் 2.5 மில்லிமீட்டர் வரை தகவல் அழிந்திருந்தாலும் கணக்குப் போட்டு அச்சுப்பிசகாமல் மீட்டுவிடும். அதனால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக ஓடும் கீறல் பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் பெரிய தொல்லை தராது. பாதையோடு ஒட்டி வட்டமாக ஓடும் கீறல் மெல்லியதாக இருந்தாலும் கொல்லும். சிடியை வட்டமாகத் துடைக்காதீர்கள், நடுவிலிருந்து வெளியே நேராகத் துடையுங்கள் என்பது இதனால்தான். இன்னொன்று, படம் அச்சடித்த மேல்பக்கம்தான் நோஞ்சான். கண்ணாடிபோலப் பளபளக்கும் பூச்சு அதற்கு நேர் அடியில், மெல்லிய அரக்குப் படலம் ஒன்றே காவல். அந்தப் பக்கம் பேனா முனை கீறினால் தகவலே போய்விடும். சிடியை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். ஊசிக்கண் போல ஒளி தெரிந்தால் அங்கே பூச்சு போய்விட்டது என்று அர்த்தம்.

இனி லென்ஸ் துடைப்பது. கடையில் சின்னத் தூரிகை ஒட்டிய சிடி கிடைக்கும், அதைப் போட்டால் சுழலும்போது தூரிகை லென்ஸை வருடும். காய்ந்த தூசிக்கு அது பலன் தரும், ஒரு முறை போட்டுப்பார்ப்பதில் தப்பில்லை. காரின் கையேட்டில் அதைப் போடாதே என்று எழுதியிருந்தால் மட்டும் போடாதீர்கள், அப்படி எழுதுபவர்கள் உண்டு. காருக்குள் புகை பிடிப்பவர்களின் லென்ஸில் படிவது தூசி இல்லை, பசை. அதைத் தூரிகை இழுவிவிடுமே தவிர எடுக்காது. அந்தச் சிடியோடு வரும் திரவத்தைத் தாராளமாக ஊற்றி, வழிந்தது உள்ளே மோட்டாருக்குப் போன செட்டையும் பார்த்திருக்கிறேன். ஊற்றியே ஆகவேண்டும் என்றால் ஒரு துளி, அதற்குமேல் வேண்டாம்.

முறையாகத் துடைக்க, செட்டை வெளியே எடுத்து மூடியைக் கழற்றவேண்டும். காரில் இருப்பது வீட்டுப் பிளேயர் மாதிரி வாய் திறந்து லென்ஸைக் காட்டாது. மூடியைக் கழற்றினால் சிடி பொறி நாலு மூலையிலும் ஸ்பிரிங்கிலும் எண்ணெய் அடைத்த ரப்பர் குமிழிலும் தொங்குவதைப் பார்க்கலாம், குலுக்கல் தாங்க அந்த ஏற்பாடு. அதற்கும் உள்ளே, மிளகளவு ஒரு லென்ஸ், மயிரிழை போன்ற நாலு கம்பிகளில் அந்தரத்தில் நிற்கும். தட்டு கொஞ்சம் கோணலாகச் சுற்றினாலும் அதற்கேற்ப மேலும் கீழும் ஆடி ஒளியைக் கூராக வைத்துக்கொள்வது அதன் வேலை. பஞ்சுக் குச்சி நுனியை 90 சதவீதத்துக்கு மேலான ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, உதறி, குழந்தையின் இமையைத் துடைப்பதுபோல ஒரு வட்டம். பிறகு உலர்ந்த குச்சியால் இன்னொரு வட்டம். அமுக்கினால் கம்பி வளையும், வளைந்தால் கதை முடிந்தது. திறந்த நிலையில் கரண்ட் கொடுத்து உள்ளே எட்டிப்பார்க்காதீர்கள். அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாது, தெரிந்தாலும் மங்கலான சிவப்புப் புள்ளியாகத் தெரியும், ஆபத்தில்லை போலிருக்கிறதே என்று ஏமாந்துவிடுவீர்கள். அதே கையோடு தண்டில் காய்ந்த கிரீஸை வழித்துவிட்டுப் புதிதாகப் பிளாஸ்டிக்குக்கு ஒத்த கிரீஸ் ஒரு பொட்டு வைத்தால் காலும் சரியாகும். என்னிடம் வந்ததில் லென்ஸைத் துடைத்தும் கிரீஸ் மாற்றியும் மட்டுமே பிழைத்தவை கணிசம்.

துடைத்தும் கேட்கவில்லை என்றால் பிக்கப் மாற்றவேண்டும். இங்கேதான் சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம் ஆகிறது. பிக்கப் பொதுவாக விலை குறைந்த பொருள்தான். கழற்றி மாட்டும் வேலைதான் மணிக்கணக்கு. புதுப் பிக்கப்பில், நிலைமின்சாரம் லேசரைச் சுட்டுவிடாமல் இருக்க, இரண்டு புள்ளிகளைச் சேர்த்து ஒரு பொட்டு ஈயம் வைத்து வரும். மாட்டி, கேபிளைச் செருகிய பிறகுதான் அந்தப் பொட்டைச் சுட்டு எடுக்கவேண்டும். எடுக்க மறந்தால் புதுப் பிக்கப்பும் குருடுதான், பாகம் மோசம் என்று திருப்பியனுப்புவார்கள். சிலர் பாகமே மாற்றாமல், பிக்கப்பின் பக்கத்தில் இருக்கும் பொடிசான திருகைத் திருப்பி லேசரின் ஒளி வலுவைக் கூட்டித் தருவார்கள். ஆரம்பத்தில் நானும் செய்திருக்கிறேன். அற்புதமாகப் பாடியது, இரண்டு வாரம். அணையப்போகிற விளக்கைத் தூண்டிவிடுகிற வேலை அது. கூலி வாங்கிய கூச்சத்தில் அந்த வாடிக்கையாளருக்குப் புதுப் பிக்கப்பை என் செலவில் போட்டுக்கொடுத்தேன்.

சிடி உள்ளே மாட்டிக்கொண்டால் கத்தி, கரண்டி, ஸ்க்ரூடிரைவர் எதுவும் வாய்க்குள் போகக்கூடாது. எஞ்சினை நிறுத்தி, செட்டின் ஃபியூஸைப் பிடுங்கிப் பத்து நிமிடம் விட்டு, மறுபடி போட்டு வெளியேற்றும் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். நிறைய வந்துவிடும். வராவிட்டால் முக்கால்வாசி நேரம் காரணம் தட்டின் மேல் ஒட்டிய காகித லேபிள், சூட்டில் உரிந்து உருளையைப் பிடித்திருக்கும். வீட்டில் எழுதிய சிடியில் லேபிள் ஒட்டாதீர்கள், அதற்கென்று உள்ள பேனாவால் எழுதினால் போதும். ஒரு முறை மூடியைக் கழற்றினால் உள்ளே மூன்று நாணயம், ஒரு ஸ்டிக்கர் பொட்டு. பின்சீட்டில் இருந்த குட்டிக்கு அது உண்டியலாகத் தெரிந்திருக்கிறது.

மாற்றுவதென்று முடிவானால், முதலில் உங்கள் செட்டின் முகத்தைப் பாருங்கள். 180க்கு 50 மில்லிமீட்டர் நீள்சதுரம் என்றால் சிங்கிள் டின், உயரம் 100 என்றால் டபுள் டின், இரண்டுக்கும் மாற்றுச் செட் தாராளமாகக் கிடைக்கும். ஏசி பட்டன், கடிகாரம், வண்டியின் எச்சரிக்கைத் திரை எல்லாவற்றோடும் செட் ஒரே பலகையாக வார்த்திருந்தால் அதற்கென்று தனி ஃபிரேம் தேடவேண்டும். புதிய தலைமுறை வண்டிகளில் செட் கேன் பஸ் எனும் உள்வலையில் ஒரு உறுப்பினர். அதைப் பிடுங்கினால் ஸ்டியரிங் பட்டன், ரிவர்ஸ் சென்சார் சத்தம் சேர்ந்து போகலாம்; அதற்கேற்ற அடாப்டர் சேர்த்து வாங்கவேண்டும். இப்போது வரும் செட்டுகளில் பெரும்பாலானவற்றில் சிடி வாயே இல்லை, அப்பாவின் சிடிக்காக மாற்றுகிறீர்கள் என்றால் வாங்குமுன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அதே மாடல் பழைய செட் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். அதன் லேசரும் இதே வயதுக் கிழம், சில செட்டுகள் வேறு வண்டியில் ரகசிய எண் கேட்டு முரண்டு பிடிக்கும்.

ஒயர் விஷயத்தில் நான் கறார். காரின் ஒரிஜினல் கப்ளரை வெட்டவே விடாதீர்கள், இடையில் செருகும் அடாப்டர் ஹார்னெஸ் போதும். வெளியில் வாங்கும் செட்டுகளில் மஞ்சள் எப்போதும் 12 வோல்ட், சிவப்பு சாவி திருப்பினால் வரும் 12 வோல்ட், கறுப்பு எர்த். இந்த மஞ்சளும் சிவப்பும் சில ஐரோப்பிய வண்டிகளில் இடம் மாறி இருக்கும். அப்படியே செருகினால் ஒவ்வொரு முறை வண்டியை அணைக்கும்போதும் செட் கடிகாரத்தையும் ரேடியோ நிலையங்களையும் மறந்துவிடும். செட்டில் கோளாறு என்று திட்டிக்கொண்டு வருவார்கள், இரண்டு ஒயரை மாற்றிச் செருகினால் சரி. வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா நாலும் ஸ்பீக்கர், கறுப்புக் கோடு போட்டது நெகட்டிவ். அந்த நெகட்டிவ் எர்த் கிடையாது, அதை பாடியில் தொடவிட்டால் ஆம்ப்ளிஃபையர் சிப் போய்ச்சேரும். காரின் சொந்த ஒயர்களின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு, நிறத்தை நம்பாமல் மீட்டர் வைத்துப் பாருங்கள். வேலை தொடங்குமுன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள், அதற்கும் முன் செட்டின் ரகசிய எண் கையில் இருக்கிறதா பாருங்கள். ஏர்பேக் பக்கத்தில் கை போவதால் கையேடு சொல்லும் நேரம் காத்திருங்கள். பெட்டி மேல் அச்சடித்திருக்கும் 4 தடவை 50 வாட், அதாவது நாலு ஸ்பீக்கருக்கும் ஆளுக்கு 50 வாட் என்பது, வெறும் விளம்பரம். 14.4 வோல்ட்டில், 4 ஓம் ஸ்பீக்கர் ஒன்றுக்குச் சுமார் 20 வாட் வந்தாலே நல்ல செட்.

மாற்றாமலே சமாளிக்கவும் வழி உண்டு. முகத்திலோ கையுறைப் பெட்டிக்குள்ளோ ஆக்ஸ் துளை, அதாவது போன் போன்ற வெளிக்கருவியின் பாட்டை உள்ளே வாங்கும் துளை, இருக்கிறதா தேடுங்கள், ஒரு கேபிளில் வேலை முடியும். இல்லாவிட்டால் செட்டின் முதுகில் சிடி சேஞ்சருக்கான, அதாவது பல சிடிகளை அடுக்கிவைத்து மாற்றிப் போடும் தனிப் பெட்டிக்கான, கப்ளர் இருக்கலாம். நான்தான் சேஞ்சர் என்று செட்டை நம்பவைத்து ப்ளூடூத் பாட்டை உள்ளே அனுப்பும் குட்டி அடாப்டர்கள் பல மாடல்களுக்கு உண்டு. சிகரெட் லைட்டரில் செருகும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் கடைசிப் புகலிடம், ரேடியோ நிலையங்கள் நெருக்கமாக உள்ள பகுதியில் இரைச்சல் நிச்சயம். கம்ப்யூட்டரின் யுஎஸ்பி சிடி டிரைவை கார் யுஎஸ்பியில் செருகினால் பாடுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். சாதாரண செட்டில் பாடாது, கார் யுஎஸ்பி பென் டிரைவைத்தான் எதிர்பார்க்கிறது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதலில் அந்த 200 சிடியையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன், காரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டர் டிரைவ் கீறல் இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும், கார் செட்டுக்கு அந்தப் பொறுமை கிடையாது. மூலப் பிரதியை ஃப்ளாக்கில், அதாவது தரம் குறையாமல் சுருக்கும் கோப்பு வகையில், வைத்துக்கொண்டு காருக்கு எம்பி3 போதும். 320 கிலோபிட்டில் நிமிடத்துக்கு 2.4 எம்பி, சிடி ஒன்றுக்கு ஒரு மணி நேரம் என்றால் மொத்தமே 29 ஜிபிக்குள். ஒரே பெரிய பென் டிரைவுக்குப் பதில் 32 ஜிபியில் இரண்டு வாங்கி ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்யுங்கள், பழைய செட்டுகளுக்கு அதுதான் புரியும். அப்பா வீட்டில் எழுதிவைத்த சிடிகளை முதலில் ஏற்றுங்கள். அச்சடித்தவை காத்திருக்கும், எழுதியவற்றின் சாயம் வெயிலிலும் சூட்டிலும் மங்கிக்கொண்டே போகும்; காரிலேயே கிடப்பவை இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

அது முடிந்தபின் தூரிகை சிடி ஒரு முறை. கேட்காவிட்டால், திறந்து லென்ஸ் துடைத்துக் கிரீஸ் மாற்ற மட்டும் கூலி பேசி, நம்பிக்கையான கையிடம் கொடுங்கள். அவர் பிக்கப் மாற்றவேண்டும் என்றால், செட் ஏசி பலகையோடு சேர்ந்து வார்த்ததாக இருந்தால் மட்டும் சரி சொல்லுங்கள். தனிச் செட்டாக இருந்தால் அந்தப் பணத்தைப் புதியதில் போடுங்கள். நாலு சிடி சோதனையின் தாளை இங்கே எழுதினால், கண்ணா காலா என்று இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் போய்ச் சொல்கிறேன்.